கரையை வெட்டலாமா?

"குளம் தாங்காதுன்னு தெரிஞ்சா, நாமளே ஒரு பக்கம் கரையை வெட்டி விட்டுரலாமா சார்?"

பேரிடர் பயிற்சி வகுப்பில் ஒரு கிராம உதவியாளர் கேட்டது இது. "வெட்டக் கூடாது அண்ணாச்சி. நீர்வளத்துறைக்குச் சொல்லணும், தாசில்தாருக்குச் சொல்லணும், மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் போடணும்" என்றேன். "போன் கிடைக்கலன்னா?" என்றார். "அதுக்குத்தான் முன்னாடியே திட்டம் போடச் சொல்லுதோம்" என்று முடித்துக்கொண்டேன். விதிப்படி அதைத் தவிர வேறு பதில் இல்லை. பாசன அமைப்பைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் கேட்டவர் தென் மாவட்டங்களை வெள்ளம் புரட்டிப் போட்ட 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பார்த்தவர். கரண்டும் இல்லாமல், செல்போன் கோபுரமும் செத்துக் கிடந்த இரவை வைத்துக்கொண்டுதான் அவர் கேட்டார்.

அன்று பலகையில் நான்கு சொற்கள் எழுதியிருந்தது. இடர் என்பது வரக்கூடிய ஆபத்து: மழை, வெள்ளம், புயல். வெளிப்பாடு என்பது அதன் பாதையில் இருக்கிற ஆள், வீடு, ஆடு மாடு, வயல். பாதிப்புத்தன்மை என்பது அந்த வீடு மண்சுவரா, அந்த ஆளால் நடக்க முடியுமா என்பது. நான்காவது, தாங்கும் திறன். முதல் மூன்றும் கூடி, நான்காவது குறைந்தால் இடர் பேரிடராகிறது.

இதற்கு நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோவிலை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் மண்டபம் மூழ்கும். தண்ணீர் ஏறுகிறது என்றதும் உற்சவரையும் பொருட்களையும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பப் பூஜை நடக்கும். இடர் முழு வேகத்தில் வருகிறது, பேரிடர் நடப்பதில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோருக்கும் உடனே பிடிபட்டுவிடும்.

குளம் என்று வந்ததும்தான் பலகை தடுமாறுகிறது. குளத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மழைநீரைத் தேக்கி வைத்து, பிசானம் என்கிற நெல் பருவத்துக்கு உயிர் கொடுத்து, ஓடைக்குப் போகிற வேகத்தைக் குறைக்கிறது. அந்த வகையில் அது தாங்கும் திறன். நிறைந்து, கரை இளகி நிற்கும் இரவில் ஊருக்கு மேலே நிற்கிற இடரே அதுதான். ஒரே குளம், ஒரே கரை. இந்தப் பக்கத்துக் குளங்கள் தனித்தனியானவையும் அல்ல. மேல்குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிகிற இடம்தான் மறுகால், அதில் வருவதுதான் கீழ்க்குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருக்கிற குளம் மழையோடு சேர்த்து அந்தத் தண்ணீரையும் தாங்க வேண்டும்.

2023-இல் பலரும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பழக்கம் அப்படி. 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து என்றால் அது அணையிலிருந்து வருவது. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. இரண்டும் கடற்கரை ஊர்கள். அந்த மழைக்கும் அணைக்கும் தொடர்பே கிடையாது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 1 கோடி லிட்டர். 95 செ.மீ. என்றால் 95 கோடி லிட்டர். வானிலைத் துறையின் அளவுகோலில் 20.4 செ.மீ.க்கு மேல் எல்லாமே 'அதி கனமழை'தான். 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் எச்சரிக்கைச் சொல் ஒன்றே. கரையில் நிற்பவருக்கு அந்தச் சொல் போதாது.

கரை எப்படிப் போகும் என்பது கரையில் நடந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒன்று, தண்ணீர் கரை மேலே வழிந்து வெளிச்சரிவை அரித்து உடைப்பது. இன்னொன்று, நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன கருவேல மரத்தின் வேர் வழியாக உள்ளே ஊற்றுப் பிடிப்பது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடையின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடம் எப்போதும் பலவீனம். வெளிப்புறம் கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது, நேரம் குறைவு. கசியும் வாயை வெளிப்பக்கம் அடைக்கக் கூடாது, அடைத்தால் பக்கத்தில் இன்னொரு இடத்தில் பீறிடும். அதைச் சுற்றி மணல் மூட்டையால் வட்டமாகக் கட்டி, உள்ளே தண்ணீர் உயர விட வேண்டும். உயரம் கூடக் கூட ஊற்றின் வேகம் குறையும், கலங்கல் தெளியும். மூட்டையை முழுக்க நிரப்பி இறுக்கக் கட்டினால் உருண்டையாக நிற்கும், இடைவெளி விழும். அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் வரிசை போல மாற்றி மாற்றி அடுக்கி மிதிக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிக் கொடுக்கலாம். உண்மையில் உயிரைக் காப்பது இதற்கெல்லாம் முந்தையது: ஐப்பசிக்கு முன் மறுகாலைத் திறந்து வைப்பது. பல ஊர்களில் மறுகால் மீது பலகையோ மூட்டையோ வைத்து ஒரு அடி கூடுதலாகத் தண்ணீர் நிறுத்துகிறார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிசானத்தில் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் பயிர் கருகினால் அந்த நட்டத்தை யார் ஏற்பது? ஆனால் அந்த ஒரு அடிதான் கரை மேலே விட்டிருக்க வேண்டிய இடைவெளி.

அப்படியானால் அந்தக் கேள்விக்கு இப்போது என்ன பதில் சொல்வது? பலமுறை யோசித்த பிறகு வருகிற பதில் இது: கரையை விட்டுவிட்டு ஆட்களை நகர்த்துங்கள். கலங்கல் தெரிந்ததும் கீழே இருக்கிற தெருவைக் காலி செய்யுங்கள். தண்ணீர் வந்து போகட்டும். குறுக்குத்துறை செய்வது அதைத்தான். சொல்லும்போது திருப்தியாக இருக்கிறது. ஆனால் கொட்டுகிற மழையில், இருட்டில், "கரை உடையலாம்" என்ற ஒரு 'லாம்'-ஐ நம்பி ஆட்டையும் அரிசியையும் விட்டுவிட்டு யார் கிளம்புவார்கள்? உடையவில்லை என்றால் அடுத்த தடவை எவரும் கிளம்ப மாட்டார்கள்.

சரி, வெட்டும் அதிகாரத்தை முன்கூட்டியே எழுத்தில் உள்ளூருக்குக் கொடுத்துவிடலாமா? 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். தொடர்பு அறுந்தால் இன்னார் முடிவெடுக்கலாம் என்று ஓர் உத்தரவு மழைக்கு முன்பே இருந்தால் என்ன? கொடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. உடனே அடுத்த எண்ணம் வந்து மறிக்கிறது. கரைக்கு அடியில், தாழ்வான இடத்தில் யார் வீடு இருக்கிறது? பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள், பட்டாவுக்கு அலைகிறவர்கள். மண்வெட்டி பிடித்து நிற்பவர்கள் தங்கள் தெருவின் பக்கமாக வெட்ட மாட்டார்கள். உள்ளூர் அதிகாரம் என்பது பல ஊர்களில் மேட்டுத் தெருவின் அதிகாரம். அந்த உதவியாளர் நல்ல மனிதர், நியாயமாகத்தான் கேட்டார். அவருக்குப் பதில் வேறொருவர் அங்கே நின்றால்?

ஆகவே 'கூடாது' என்றே இப்போதும் சொல்கிறேன். கூடவே, அடுத்தடுத்த வகுப்புகளில் இதையும் சேர்த்துக்கொண்டேன்: முதலில் மறுகால் பலகையையும் மூட்டையையும் எடுங்கள். வேறு வழியே இல்லாத நிலைமையில் கரையின் நடுவிலும் மடைக்குப் பக்கத்திலும் கை வைக்காதீர்கள், அங்கேதான் தண்ணீரின் ஆழம் அதிகம். மறுகாலை ஒட்டி, கரை மேட்டோடு சேருகிற பாறையோ சரளையோ உள்ள இடம்தான், பழைய மறுகால் ஓடைக்குள் விழும்படி. வெட்டிய வாய் இரண்டு பக்கமும் தானாக அகலும், தண்ணீர் வடியும் வரை மூட முடியாது. அதற்கு முன் ஓடைக்கரை வீடுகள் காலியாக வேண்டும், கீழ்க்குளத்துக்காரர்களுக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும்.

வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, எங்கே வெட்டுவது என்றும் சொல்லிக் கொடுக்கிறோமே என்று சக பயிற்றுநர் ஒருவர் கேட்டார். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இருப்பதால் பயிற்சிக் குறிப்பேட்டில் அந்தப் பகுதியை இன்னும் அச்சிடவில்லை, வாயால்தான் சொல்கிறோம்.