பானெட்டில் ஒரு சிலந்தி வலை

கறுப்புக் கார் வேண்டாம் என்று மைத்துனர் சொன்னபோதே கேட்டிருக்கலாம். நிழலில் கண்ணாடி மாதிரி நிற்கும். வெயிலுக்குக் கொண்டுபோனால் சூரியன் பட்டுத் தெறிக்கும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய வட்டக் கீறல்கள். ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். மூன்று வருடமாக அந்த வலையைப் பின்னியது தினசரித் துடைப்புதான். எங்கள் குடியிருப்பில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாகப் பன்னிரண்டு வண்டிகள் துடைக்கப்படும். முதல் வண்டியின் மண் பத்தாவது வண்டிக்கு உப்புத்தாள். நானும் யோக்கியன் இல்லை. அவசரத்துக்குக் காய்ந்த துணியால் தூசியைத் தட்டியவன்தான்.

ஒருமுறை வெளியே காசு கொடுத்து ரப்பிங் பாலிஷ் போட்டேன். வாங்கும்போது பளபள. நான்கு தடவை கழுவியதும் பழைய கீறல் திரும்பி வந்தது, கூடவே வெயிலில் நெளியும் புகைமூட்டம் போன்ற கோடுகளும். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை அடைத்து மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். நெளிந்த கோடுகள் அவர்கள் ஓட்டிய ரோட்டரி பாலிஷ் மெஷினின் கைங்கரியம்.

அப்புறம்தான் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் ஒன்று வாங்கினேன். ரோட்டரி ஒரே மையத்தில் சுற்றும்; ஒரே இடத்தில் நின்றுவிட்டால் சூடேறி பெயிண்டையே தின்றுவிடும். இது சுற்றிக்கொண்டே ஆடும், அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும். புதிதாகக் கற்பவன் கைக்கு இதுதான் பத்திரம்.

முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கே இறங்கிவிட்டேன். இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர். ஷாம்பு போட்டுக் கழுவி, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பார்த்தேன். வெறும் விரலுக்கு வழவழவென்று இருந்தது, பை வழியாகச் சொரசொரத்தது. அதற்குக் களிமண் போன்ற கிளே பார். சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்துக்கொள்ளும். போர்வெல் தண்ணீரின் உப்புப் பொட்டு மட்டும் அதற்கும் முழுதாக மசியவில்லை.

கீழ் வீட்டு அம்மா கோலம் போட வந்தவர் நின்று பார்த்தார். “என்னப்பா, இப்படித் தேய்ச்சா பெயிண்ட் போயிடாதா?”

“போகும்மா, கொஞ்சம் போகத்தான் செய்யும்” என்றேன். உண்மை அதுதான். நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணாடி போன்ற ஒரு படலம், பெரும்பாலும் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. கீறல் அதில் ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப வழியில்லை, சுற்றியுள்ள மேட்டைச் செதுக்கித்தான் சமமாக்க முடியும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு சுற்றுகூட ஓட்டக் கூடாது. விளிம்புகளில் படலம் இன்னும் மெல்லிசு என்பதால் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினேன்.

பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் கட்டி ஒத்திகை. மெஷினில் மாட்டும் ஸ்பாஞ்ச் வட்டுக்குப் பேட் என்று பெயர். மென்மையான பேடும் பாலிஷும்தான் முதலில். பாதிக் கீறல் அப்படியே இருந்தது. பிறகு கெட்டி பேடில், பாலிஷைவிடக் கரகரப்பான காம்பவுண்ட், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, மெஷினின் வேகத்தை ஐந்தாம் எண்ணுக்கு ஏற்றி, நெடுக்காகவும் குறுக்காகவும் எறும்பு வேகத்தில் நான்கு நடை. முதல் தடவை ஒன்றுமே நடக்கவில்லை. பேட் ஒட்டியிருக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் அழுத்தத்தில் பேட் சுற்றவே இல்லை, சும்மா நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கையின் கனத்தைக் குறைத்ததும் வேலை பிடித்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்து, எண்ணெய் போனபின் டார்ச் அடித்தேன். டேப்புக்கு அந்தப் பக்கம் வலை, இந்தப் பக்கம் கறுப்பு. நீங்களும் செய்வதாக இருந்தால் இந்தத் துடைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் எண்ணெய் உங்களையும் ஏமாற்றும்.

பானெட்டுக்கே இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும், அது சலிப்பான வேலை. பத்து மணிக்கு மேல் தகரம் சூடாகி, காம்பவுண்ட் பரப்பும் முன்னே மாவாகக் காய்ந்தது. மூட்டை கட்டிவிட்டு மிச்சத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினேன். வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக்குக்கு டேப் ஒட்ட மறந்ததால் வெள்ளைக் கறை. பழைய டூத் பிரஷ்ஷோடு அரை மணி நேரம் அதற்கே போனது. கடைசியில் எல்லா இடத்துக்கும் மென்மையான பேடில் ஒரு நடை, அப்புறம் மெழுகு.

துடைக்கும் அண்ணனிடம், “இனிமே நம்ம வண்டிக்கு வேண்டாம்ணா, டயரும் கண்ணாடியும் மட்டும் பாத்துக்கோங்க” என்றேன்.

“காசைக் குறைச்சிடுவீங்களா தம்பி?”

“இல்லண்ணா, அதே காசுதான்.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

டிரைவர் பக்கக் கதவில் சாவியால் யாரோ இழுத்த கோடு மட்டும் நிற்கிறது. நகம் வைத்தால் மாட்டுகிறது. நகம் மாட்டும் ஆழத்தைத் தேய்த்து எடுக்கப் போனால் கிளியர் கோட்டே மிஞ்சாது. டச் அப் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மூடி திறக்கவில்லை.