ரிசல்ட் வரும் வரை

ஏப்ரல் 16, 2024

ஸ்கேன் எடுத்தவர் முதலில் அக்கா மகள் குட்டியிடம் பரீட்சை எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார்.

கர்ப்பப்பை இல்லை.

ஏப்ரல் 17

மாம்பழ நிறப் பட்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. குட்டி சடங்குக்கென்று அம்மா எப்போதோ வாங்கியது. துபாயிலிருந்து தம்பி போன் செய்தால் முதல் கேள்வியே “தாய்மாமன் சீர் எப்போ?” என்பதுதான். இன்றைக்கும் கேட்டான். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19

ரத்தம் எடுத்தாயிற்று. குரோமோசோம் பார்க்க இரண்டு வாரமாவது ஆகுமாம். டாக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தையே வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அக்காவையும் மாமாவையும் சேர்க்க இரட்டைக் கோடு போட்டார். சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் அப்படித்தானாம். மாமா அம்மாவின் சொந்தத் தம்பி. எங்கள் பக்கத்தில் அது முறை, உரிமை. கட்டிக் கொடுக்கவில்லை என்றால்தான் சண்டை வரும். தாளில் அது இரட்டைக் கோடு. குட்டிக்கு வட்டம் போட்டுவிட்டு, பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

ஏப்ரல் 21

தூக்கம் வரவில்லை. ‘மிடில்செக்ஸ்’ நாவலைத் தூசி தட்டி எடுத்தேன். ஜெஃப்ரி யூஜெனிடிஸ் எழுதியது, 2002இல் வந்து அடுத்த வருடமே புலிட்சர் பரிசு வாங்கியது. கல்லூரியில் பாதியில் விட்ட புத்தகம். 1922இல் இன்றைய துருக்கியில் இருக்கும் ஸ்மிர்னா நகரம் எரிகிறது. அங்கிருந்து தப்பும் கிரேக்க அக்காவும் தம்பியும் கப்பலில் ஒருவரையொருவர் தெரியாதவர்களைப் போல நடித்துக் கல்யாணம் செய்துகொண்டு டெட்ராய்ட் போய்ச் சேர்கிறார்கள். பேரப்பிள்ளை காலியோப்பி பெண்ணாக வளர்ந்து, பதினாலு வயதில் தான் வேறு என்று தெரிந்துகொண்டு, ‘கால்’ என்ற பெயரில் ஆணாக வாழ்கிறது. தான் பிறப்பதற்கு முந்தைய கதையையும் அதுவே பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்கிறது. அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பிள்ளையின் கதைக்குத் தாத்தா பாட்டி கதை இவ்வளவு எதற்கு?

இப்போது அந்த இரட்டைக் கோட்டை விட்டு மனசு நகர மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 23

அழகர் ஆற்றில் இறங்கினார். என்ன நிறப் பட்டு என்று பார்க்க அம்மா விடியுமுன்பே டிவி முன்னால். குட்டி சேர்ந்து கோவிந்தா போட்டாள். அம்மா திரும்பிப் பார்த்தது குரலை.

ஏப்ரல் 27

யாரும் குட்டியிடம் எதுவும் சொல்லவில்லை. “ஹார்மோன் குறைவு, மாத்திரையில் சரியாகிடும்” என்கிறாள் அக்கா. ஃபைல் மெத்தைக்கு அடியில். நாவலில் வரும் டாக்டர் லூஸ் செய்வதும் இதுதான். வளர்ப்புதான் பாலினத்தைத் தீர்மானிக்கும் என்பது அவர் கொள்கை. பெண்ணாக வளர்ந்த பிள்ளையை அறுத்துப் பெண்ணாகவே வைத்துவிடலாம் என்று பெற்றோரிடம் சொல்கிறார், பிள்ளையிடம் பாதியை மறைக்கிறார். அவர் அறையில் இல்லாத நேரம் பிள்ளை ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வீட்டைவிட்டே ஓடிப்போகிறது. கற்பனை டாக்டர் என்று ஒதுக்க முடியவில்லை. 1950களிலிருந்து அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் மணியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்தவர்களும் பரப்பிய கொள்கை அது. எத்தனையோ கைக்குழந்தைகளைக் கேட்காமலே கத்தி வைத்தார்கள்.

மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா?

மே 3

குரோமோசோம் ரிப்போர்ட்: 46, எக்ஸ்ஒய். வழக்கமாக ஆண்களுக்கு இருப்பது.

மே 4

அக்கா சாப்பிடவில்லை. மாமா ஓட்டக்காரி சாந்தி பேரை எடுத்தார். 2006 தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர், வெள்ளி வாங்கினார், பாலினச் சோதனை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள். “நம்ம புள்ளைய ஊரு அப்படித்தானே பேசும்?” குட்டி எந்தப் பந்தயத்திலும் ஓடுகிறவள் இல்லை. பேருந்துக்குக்கூட ஓட மாட்டாள். அதைச் சொன்னதும் மாமாவே சிரித்துவிட்டார், அப்புறம் அழுதார்.

மே 6

டாக்டருக்கு ஐந்து-ஆல்ஃபா-ரிடக்டேஸ் நொதிக் குறைபாடு என்று சந்தேகம். உறுதி செய்ய மரபணுச் சோதனை போயிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமாக மாற்றும் நொதி அது. கருவில் வெளியுறுப்பு ஆணாக உருவாக அந்த வீரியமான ஹார்மோன் வேண்டும். அது இல்லாததால் பெண் குழந்தை போலப் பிறக்கிறது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் நேராகவே வேலை செய்யத் தொடங்கும், குரல் உடையும், தோள் விரியும். காலியோப்பிக்கும் இதேதான். நாவலில் ஐந்தாவது குரோமோசோம் என்று இருக்கிறது. உண்மையில் இந்தக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு இரண்டாவதில். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமோ.

அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இப்படி ஆகும். உடன்பிறந்தவர்களுக்குள் மரபணுவில் சராசரியாகப் பாதி பொது, தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் கால்வாசி.

டொமினிக்கன் குடியரசில் லாஸ் சாலினாஸ் என்றொரு கிராமம். அங்கே பல குடும்பங்களில் இப்படிப் பிள்ளைகள். ஆராய்ச்சி வெளிவந்தது 1974இல். காலியோப்பி ஆணாக இரண்டாம் முறை பிறந்ததாகச் சொல்லும் வருடமும் 1974.

மே 8

அறுவை மருத்துவர் “லீவு முடியறதுக்குள்ள முடிச்சிடலாம்” என்றார், ஏதோ பல் பிடுங்குகிற மாதிரி. உயிருக்கு ஆபத்தா என்று கேட்டேன். இல்லையாம். ஆறப்போட்டால் என்ன என்று கேட்டேன். “பிளஸ் ஒன் போறதுக்கு முன்னாடி நல்லதுதானே” என்றார். 2019 ஏப்ரலில் நமது மதுரைக் கிளையில்தான் நீதிபதி சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கு அது. அதே தீர்ப்பில் இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தைத் ‘திருத்தும்’ அறுவைக்கும் அரசு தடை போட வேண்டும் என்றார். ஆகஸ்டில் அரசாணை வந்தது, உயிராபத்து இருந்தால் மட்டும் விலக்கு. இதை அறுவை மருத்துவரிடம் சொன்னேன். “அது கைக்குழந்தைக்குங்க” என்றார். அந்தக் குழந்தைக்குப் பேச்சு வராததால் தடை. பேசத் தெரிந்த பிள்ளையை யாரும் கேட்கவே இல்லை.

மே 10

பத்தாம் வகுப்பு ரிசல்ட். 437. காலையிலிருந்து வாசலில் நின்றவர்கள் எல்லாம் “ரிசல்ட் வந்துச்சா?” என்று கேட்க, அக்கா ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டாள்.

மே 12

அம்மாச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். அவர் அப்பாவோடு பிறந்த ஒருவர், பொம்பளைப் பேருதான், வயசுக்கே வரவில்லை, ஆம்பளைக் குரல், மாடு பிடிக்கப் போனால் மாட்டுக்கே பயம். கல்யாணம் பேசவே இல்லை. “நாங்க சித்தப்பான்னுதான் கூப்பிடுவோம். மண்ணெண்ணெய் விளக்குல பாட்டு நல்லாப் பாடும்.” அவ்வளவுதான், அடுத்த கட்டை எடுத்தார்.

நாவல் முடியும் இடத்தில் பாட்டி டெஸ்டமோனாவும், எங்கள் ஊரில் அப்படிச் சில பிள்ளைகள் இருந்தார்கள் என்று சொல்கிறாள். ஆசிரியர் வசதிக்காகச் செருகியது என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். கிரேக்கப் புராணங்களை வாரி இறைப்பது மட்டும் இப்போதும் பிடிக்கவில்லை. சித்தப்பாவுக்கு எந்தப் புராணமும் தேவைப்படவில்லை.

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “அப்போ என்னால இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். இரட்டைக் கோடும் இல்லாமல் இல்லை. சொல்லவில்லை.

மே 15

வெயில். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 18

குட்டி மொட்டை மாடிக்கு வந்தாள். “சித்தி, எக்ஸ்ஒய்னா ஆம்பளதானே? பயாலஜில இருக்கு.” ஃபைலை ஸ்கேன் எடுத்த வாரமே படித்துவிட்டாளாம், புது ரிப்போர்ட் வர வர அதையும். எல்லாரும் அழுகிறார்களே என்று வாயைத் திறக்கவில்லையாம். ரிப்போர்ட்டில் இருப்பது ஒன்று, நீ யார் என்பது வேறு, அதை நீதான் சொல்லணும், இப்போதே சொல்லணும்னு இல்லை என்றேன். யோசித்துவிட்டு, “சடங்கு வேணாம். பட்டு வேணும்” என்றாள்.

மே 20

நாளைக்கு டாக்டர். குட்டி நோட்டில் கேள்வி எழுதுகிறாள். குரல் இன்னும் உடையுமா. அறுவை வேண்டாம்னா திட்டுவாங்களா. பெண்கள் ஹாஸ்டலில் சேரலாமா. மிச்சத்தை எனக்குக் காட்டவில்லை. அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “நான் ஒண்ணு எழுதட்டுமா?” என்று கேட்டாள். “என் நோட்டும்மா, வேற எடுத்துக்க.”

ஆறரைக்கு பஸ்.