பேச்சிப்பாறை அணைக்கு ஒரு வில்லுப்பாட்டு: இதுவரை வந்த தூரம்

மோட்டார் பழுது பார்க்கும் என் கடையில் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு வில்லுப்பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு எங்கள் தெருவில் பாடுவதாக ஏற்பாடு. பாதிக்குமேல் எழுதியாகிவிட்டது, வில்லும் குடமும் தயார், உடுக்கைக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன். நம் குமரிப் பக்கத்தில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, எழுதிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

இந்த ஆசைக்கு மூலகாரணம் சுப்பு ஆறுமுகம். 1928இல் நெல்லைப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். நம்ம ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவருடைய எழுத்தைப் பார்த்துச் சென்னைக்கு அழைத்துப் போனார். கலைவாணருக்கு வில்லுப்பாட்டும் நகைச்சுவையும் எழுதிக் கொடுத்து, அப்புறம் தானே வில்லைப் பிடித்து உட்கார்ந்தவர். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருடம் அக்டோபரில் காலமானார். கோயில் கொடைத் திருவிழாவில் விடியவிடியப் பாடிய கலையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சபா மேடைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் பக்கத்தில் இதை முழு மனதோடு ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். வில்லுப்பாட்டு என்றால் சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் முத்தாரம்மனுக்கும் பாடுவது, கதையில் அந்த இடம் வந்ததும் சாமி வந்து ஆட வேண்டும், ஒரு மணி நேரத்தில் சிரிக்க வைத்து அனுப்புவது வேறே சங்கதி என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னைப்போல் சாமி கதை பாடும் வழியில் வராத ஒருவனுக்கு, உள்ளூர் சமாசாரம் எதை வேண்டுமானாலும் வில்லில் வைத்துப் பாடலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தவர் அவர்தான்.

அவருடைய ஒலிப்பதிவுகளைக் கடையில் வேலை செய்தபடியே கேட்பேன். காயில் கட்டும்போது கை தன் பாட்டுக்குச் சுற்றும், காது சும்மாதான் இருக்கும். முதலில் அவருடைய குரலையும் சிரிப்பையும் மட்டும் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டதில் கவனம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்மேல் போனது. அந்த ஆள் வெறுமனே ‘ஆமா’ போடுவதில்லை. சந்தேகம் கேட்கிறார், குறுக்கே விழுகிறார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி நடிக்கிறார். சுப்பு ஆறுமுகம் அதற்கென்றே வாக்கியத்தை முக்கால்வாசியில் நிறுத்துகிறார். மீதி கால்வாசி அந்த ஆளுடையது, சில நேரம் சபையில் இருப்பவர்களுடையது. இதைக் கவனித்த பிறகு பாட்டைக் கேட்கும் விதமே எனக்கு மாறிப்போயிற்று.

கதைக்குப் பேச்சிப்பாறை அணையை எடுத்துக்கொண்டேன். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயல்காரர்கள். ஜூன் மாதம் பிறந்தால் கடையில் ஒரே பேச்சுதான்: அணை எப்போது திறக்கிறான், சானலில் தண்ணீர் எதுவரை வந்தது, கடைமடைக்கு எட்டுமா, கன்னிப்பூ (முதல் போக நெல்) தேறுமா. அணை நிறையும் மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, இன்னொரு அணையான பெருஞ்சாணிக்கு 77 அடி என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிப்பார்கள். ஆனால் அந்த அணையைக் கட்டிய கதை கேட்டால் பலருக்கும் ‘ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டினான்’ என்பதோடு முடிந்துவிடும்.

கதைக்கான சரக்கு நிறையவே இருக்கிறது. அப்போது நாம் திருவிதாங்கூர், மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள். 1897இல் கோதையாற்றின் குறுக்கே வேலை தொடங்கி 1906இல் முடிந்தது. வேலையை நடத்திய பொறியாளர் மிஞ்சின். அவருடைய கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. போதாததற்கு ஊர்ப் பெயரிலேயே பேச்சியம்மன் இருக்கிறாள், வில்லுப்பாட்டுக்கு அவள் அந்நியம் இல்லையே!

முதலில் எழுதியது இப்படி இருந்தது:

கோதையாற்றுப் பெருவெள்ளம் குறுக்கணையால் தடுத்தவராம்
மாதவத்தால் வந்துதித்த மகத்தான பொறியாளராம்

எதுகை இருக்கிறது, ராகம் போட்டால் கேட்கவும் நன்றாகவே இருக்கிறது. இதை இரணியல் பக்கம் ஒரு வயதான வில்லிசைப் புலவரிடம் கொண்டுபோய்ப் பாடிக் காட்டினேன். அவர் கொடைகளில் பாடுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “நல்லாருக்கு மக்ளே. எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா, பக்கத்துல இருக்கவனுக்கு என்ன சோலி?” என்றார்.

“அவர் ‘ஆமா’ போடுவாருல்லா, பாட்டா?”

“ஆமா போடதுக்கு ஒரு ஆளு எதுக்கு? கோயில் மணி போதுமே.”

ஒலிப்பதிவில் மாசக்கணக்காக என் காதில் விழுந்துகொண்டிருந்ததும் அதே சங்கதிதான். கேட்கும்போது புரிந்தது, எழுத உட்கார்ந்ததும் பேனா தன் பழக்கத்துக்கே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த செய்யுள் அப்படி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் நான், வலப்பக்கம் பக்கப்பாட்டு, அதாவது பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிற ஆள். வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்த வரியை அடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அணை வருவதற்கு முந்தின காலத்தைச் சொல்லும் இடம் இப்போது இப்படி இருக்கிறது:

மலையில பெஞ்ச மழையெல்லாம் எங்க போச்சு?
– கடலுக்குப் போச்சு!
கடலுக்குப் போன தண்ணியெல்லாம் என்ன ஆச்சு?
– உப்பா ஆச்சு!
உப்பா ஆன தண்ணியில நெல்லு வெளையுமா?

கடைசிக் கேள்விக்கு ‘வெளையாது’ என்றுதான் எழுதியிருந்தேன். பக்கப்பாட்டுக்கு உட்காருவது பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். ஒத்திகையில் அவள், “வெளைஞ்சா உப்புமாதான் மாமா கிண்டணும்” என்றாள். குடம் அடிக்கிற சைக்கிள் கடை அண்ணன் சிரித்த சிரிப்பில் தாளம் போய்விட்டது. அப்படியே அதைச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்காது.

வருஷத்தைப் பாட்டில் வைப்பது பெரிய தொல்லை. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு என்று பாடி முடிப்பதற்குள் மூச்சும் முடிந்துவிடும், கேட்கிறவர்களும் கொட்டாவி விடுவார்கள். பாட்டில் வைக்காமல் உரைநடைப் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு, பாட்டில் அந்த ஒன்பது வருஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் போன தகப்பனாரைப் பற்றி வீட்டில் பிள்ளை கேட்கிறது. முதல் வருஷம் பல் முளைக்காத பிள்ளை, கடைசி வருஷம் ஆடு மேய்க்கிற பிள்ளை. பிள்ளையாகப் பாடுவதும் அதே பெண்தான். வருஷத்துக்கு வருஷம் அவள் குரலை மாற்றுகிறாள், எனக்கு வேலை மிச்சம். கல் சுமந்தவர்களின் பெயர் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. துரையின் பெயரும் ராஜாவின் பெயரும்தான் கிடைத்தன. அதனால் இந்தத் தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் பெயர் வைக்காமலேயே விட்டுவிட்டேன். கற்பனை ஆட்களுக்குப் பெயர் வைத்தால் நாளைக்கு யாராவது அதையே வரலாறு என்று சொல்லித் திரிவார்கள்.

நாட்டு வளம் பாடும் பகுதிதான் எனக்குச் சுலபமாக வந்தது. வில்லுப்பாட்டில் காப்பு, சபை வணக்கம் எல்லாம் முடிந்து கதைக்குள் நுழையும்போது ஊரின் செழிப்பைப் பாடுவது மரபு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்தையும், தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று தண்ணீர் போகும் வழியையும் வரிசையாகச் சொன்னாலே பாட்டாகிவிடுகிறது. இதை மட்டும் கதைக்கு முன்னால் வைக்காமல், அணை நிறைந்த பிறகு வைத்திருக்கிறேன். தண்ணீர் வராமல் வளம் எப்படிப் பாடுவது? புலவர் பாட்டாவுக்கு இந்த இடமாற்றம் பிடிக்கவில்லை. இருக்கட்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இனி சாமான்கள். குடம் வாங்கச் சுங்கான்கடைக்குப் போனேன். தண்ணீர்க் குடம் என்று கேட்டால் ஒன்றைத் தருவார்கள், வில்லுக்கு என்று சொன்னால் வேறொன்றைத் தேடுவார்கள். கனம் வேண்டும், சூளையில் நன்றாக வெந்திருக்க வேண்டும். கடைக்கார அம்மா ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதருகே பிடித்தார். வேகாத குடம் ‘டொக்’ என்று அங்கேயே நின்றுவிடும். வெந்த குடத்தில் தட்டிய பிறகும் ஒரு முனகல் கொஞ்ச நேரம் நிற்கும். எடுத்து வந்த குடத்தின் வாயில் கமுகம்பாளைத் தட்டையால் அடித்தபோது, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற அந்தச் சத்தம் கடை ஷட்டரையே அதிர வைத்தது.

வில்லுக்குப் பழைய ஆட்கள் வைரம் பாய்ந்த பனையை எடுப்பார்கள். புலவரின் வில் அப்படிப்பட்டதுதான், கறுத்து எண்ணெய் ஏறி இரும்பாக இருக்கிறது. எனக்குக் கிடைத்தது மூங்கில். பழகுவதற்குப் போதும். நாணுக்குத் தோல் வார்தான் முறை. நான் இப்போதைக்கு முறுக்கிய நைலான் கயிறு போட்டிருக்கிறேன். சத்தத்தில் வித்தியாசம் தெரிகிறது, நாணில் அடிக்கிற வீசுகோல் பட்டதும் தோல் கொடுக்கிற அந்தத் துள்ளல் நைலானில் இல்லை. மணிகளைக் கட்டியபின் குறை கொஞ்சம் மறைகிறது.

வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவதில்தான் சூட்சுமம். இறுக்கிக் கட்டினால் குடத்தின் முனகல் செத்துவிடுகிறது. தளர விட்டால் வேகமான இடத்தில் வில் நழுவுகிறது. குடத்துக்கு அடியில் வைக்கோல் பிரியைக் கொஞ்சம் பெரிதாகச் சுற்றி, வில்லுக்கும் குடத்துக்கும் நடுவில் ஒரு துணி மடிப்பு வைத்த பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றன. வீசுகோலில் என் கை இன்னும் முரடாகத்தான் இருக்கிறது. நாணில் அடித்த கோலை உடனே எடுத்துவிட வேண்டும். அங்கேயே அழுத்தினால் மணி குலுங்காது. பாடிக்கொண்டே அடிக்கும்போது இது மறந்துபோகிறது, அடிப்பதை நினைத்தால் வரி மறந்துபோகிறது. அதனால் தினமும் கடை சாத்திய பிறகு, பாட்டு இல்லாமல் வெறும் பேச்சுக்கு மட்டும் வீசுகோல் போட்டுப் பழகுகிறேன். “நேற்று ஒரு மோட்டார் வந்தது” என்று அன்றைய கடைக் கதையையே சொல்லி, நடுநடுவே ஒரு வீச்சு. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இப்படிப் பழகும்போது சுப்பு ஆறுமுகத்திடம் இன்னொன்றும் பிடிபட்டது. அவர் பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் இடத்தில் மடை திறந்த மாதிரிச் சட்டென்று தாவுவதில்லை. பேச்சே கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்துக்குள் இறங்கிவிடுகிறது, எந்தச் சொல்லில் பாட்டு ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. நான் இன்னும் ஒரு மூச்சு இழுத்துத்தான் பாட்டுக்குள் போகிறேன். அந்த மூச்சு மைக்கில் நன்றாகக் கேட்கிறது.

மிச்சம் இருப்பது மிஞ்சினின் கல்லறை வருகிற இடமும் கடைசியில் வாழி பாடுவதும். கல்லறையை அழுகையாக எழுத எனக்கு விருப்பமில்லை. தூரதேசத்து ஆள் ஒருவர் அணையின் பக்கத்திலேயே இருந்துவிட்டார், தண்ணீர் மட்டம் எத்தனை அடி என்று நம்மைவிட முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் என்கிற மாதிரி கேலியும் மரியாதையும் கலந்து கொண்டுபோகலாம் என்று யோசனை. வாழியில் யார் யாரைச் சேர்ப்பது என்பதில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. ராஜா வாழி, துரை வாழி, கல் சுமந்தவர் வாழி என்பது வரை ஒத்துக்கொண்டாயிற்று. மதகு திறக்கிற ஆளையும் சேர்க்க வேண்டும் என்கிறாள் பக்கப்பாட்டு. கடைமடைக்குத் தண்ணீர் வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் குடம்.

உடுக்கைக்கு வில்லுக்குறியில் ஒரு பையன் இருப்பதாகக் கேள்வி, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.