நெட் பொருளாதாரம்: விளம்பரக் கேள்வியில் அம்புக்குறி போடாமல் விடாதீர்கள்

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் என் பாடம் பொருளாதாரம், நேற்று ரிசல்ட் வந்தது. மூன்றாவது முறை எழுதித் தகுதி கிடைத்துவிட்டது, ராத்திரி தூக்கமே வரவில்லை, சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். போன முறை நாலு மதிப்பெண்ணில் போனது, அதாவது இரண்டே கேள்வி. இரண்டுமே நிறுவன அளவு, விளம்பரம், சந்தைச் செறிவு (சந்தை எந்த அளவுக்குச் சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது என்பது) பற்றியவை.

நான் போன கோச்சிங்கில் "செறிவு கூடினால் விளம்பரம் கூடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை நம்பித்தான் கூற்று-காரணம் கேள்வியில் விழுந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

விஷயம் புரிந்தது வீட்டில்தான். எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மாமா மாங்கூழ் ஆலைக்கு பெங்களூரா மாம்பழ லோடு அடிக்கிறவர். "இத்தனை ஆலை இருக்கே மாமா, ஒண்ணாவது டிவியில விளம்பரம் குடுக்குதா?" என்று கேட்டேன். "டிரம்முல அடைச்சு அனுப்புற கூழுக்கு எதுக்குப்பா விளம்பரம், பிரிக்ஸும் ரேட்டும் ஒத்து வந்தா எடுத்துக்கப் போறான்" என்றார். பிரிக்ஸ் என்பது கூழின் இனிப்பு அளவு. அதே மாங்கூழ் பாட்டிலுக்குள் போனதும் மாசா, ஃப்ரூட்டி, ஸ்லைஸ் என்று சில பெயர்கள்தான், கோடை வந்தால் விளம்பரம் ஓயாது. சரி, ஒரே கம்பெனிதான் இருக்கிறது என்றால்? பிடுங்குவதற்குப் போட்டியாளரின் வாடிக்கையாளரே இல்லை, அப்போது விளம்பரம் மறுபடி இறங்கலாம். செறிவு கூடக் கூட விளம்பரம் முதலில் ஏறி அப்புறம் இறங்கும், கவிழ்த்த யு வடிவம் என்பது இதுதான், கோச்சிங்கில் சொல்லாமல் விட்டதும் இதைத்தான்.

அடுத்தது அம்பு. எது காரணம், எது விளைவு என்று அம்பு போட்டுக் குறிக்காமல் விடையைத் தொடாதீர்கள். எந்தப் பொருளாதார அறிஞர் என்ன சொன்னார் என்பது இப்படி:

- கால்டோர், 1950: விளம்பரத்திலிருந்து செறிவுக்கு. பெரிய நிறுவனத்துக்கு விளம்பரத்தில் அளவுச் சிக்கனம் (அளவு கூடக் கூட சராசரிச் செலவு குறைவது), அதனால் இன்னும் பெரிதாகும்.
- டார்ஃப்மன்-ஸ்டெய்னர், 1954: விற்பனை வருவாயில் விளம்பரச் செலவின் பங்கு = விளம்பர நெகிழ்ச்சி ÷ விலை நெகிழ்ச்சி. நெகிழ்ச்சி என்றால் விளம்பரமோ விலையோ 1% மாறினால் தேவை எத்தனை % மாறும் என்பது. 0.2 ÷ 4 என்றால் 5%. விலை நெகிழ்ச்சி குறைந்தால் லாப விளிம்பு கூடும், விளம்பரமும் கூடும். அம்பு எதிர்ப்பக்கம், செறிவிலிருந்து விளம்பரத்துக்கு.
- டெல்சர், 1964: விளம்பரத்துக்கும் செறிவுக்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை என்றார்.
- பென்ஹாம், 1972: மூக்குக்கண்ணாடி விளம்பரத்தைத் தடுத்த அமெரிக்க மாநிலங்களில்தான் விலை அதிகம். அதாவது விளம்பரம் போட்டியைக் கூட்டவும் செய்யலாம்.
- சட்டன், 1991: இரண்டும் சேர்ந்தே தீர்மானமாகின்றன. சந்தை பெரிதானால் விளம்பரச் செலவும் ஏறும், திரும்பி வராத அந்தச் செலவால் செறிவு ஓரளவுக்குக் கீழே இறங்காது.

செறிவை அளக்கும் ஹெர்ஃபிண்டால் குறியீட்டைக் கையால் போட்டுப் பழகுங்கள், ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு சதவீதத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் போதும். பங்குகள் 40, 30, 20, 10 என்றால் 3000. நாலும் 25 என்றால் 2500. முதல் நான்கு நிறுவனங்களின் பங்கு இரண்டிலும் 100தான், அளவு வித்தியாசம் அதில் தெரியவே தெரியாது.

எல்லாப் பாடக்காரர்களுக்கும் பொதுவான பேப்பர் ஒன்றுக்கு என்னிடம் தனி வழி எதுவும் இல்லை, பழைய வினாத்தாள் போதும்.

இந்த முறை சேலத்தில் ரஃப் தாள் கைக்கு வந்ததும் அளவு, விளம்பரம், செறிவு என்று மூன்றையும் எழுதி இரண்டு பக்கமும் அம்பு போட்டு வைத்தேன். அப்புறம்தான் முதல் கேள்வியையே படித்தேன்.