ஐப்பசியில் ஆறு ஏறும்போது எங்கே பார்க்க வேண்டும்

காவிரி டெல்டாவில் ஆடியில் ஆறு ஏறுவது வேறு, ஐப்பசியில் ஏறுவது வேறு. ஆடி வெள்ளம் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. மேட்டூர் அணை நிரம்பி, திருச்சிக்கு மேலே முக்கொம்பில் பிரிந்து, பெரும்பகுதி கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும். நம் ஊரில் வெயில் காயும், ஆறு மட்டும் கரை தொட்டு ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வருவது நம் தலைக்கு மேலேயே பெய்து, நம் வயலில் இருந்து வடிந்து, நம் ஆற்றுக்குள் இறங்கும் தண்ணீர். அதற்கு முன்கூட்டிச் சேதி சொல்ல மேலே அணை எதுவும் இல்லை. மேட்டூர் நிலவரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் இந்த இரண்டு மாதத்துக்கு உதவாது.

மேட்டூரைப் பார்க்கவே வேண்டாம் என்பதல்ல. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அணையில் இடம் இருந்தால் மேல்மழை அங்கேயே தங்கும். 2021 நவம்பர் போல அணை நிரம்பி நிற்கிற ஆண்டில் வரத்து அப்படியே வெளியேற்றமாகிவிடும். வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. என்பதை மனதில் வைத்துக்கொண்டால் செய்தியில் வரும் எண்களுக்கு அர்த்தம் புரியும். மேட்டூருக்குக் கீழே சேருகிற பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் வடகிழக்குப் பருவமழையில் பெருகுகிறவை. மேட்டூரில் திறப்பு குறைவாக இருக்கும்போதே மாயனூர் கதவணையில் வரத்து கூடினால் அது இவற்றின் தண்ணீர். ஆகவே பார்க்க வேண்டிய எண் முக்கொம்புக்கு வருவது, அடுத்தது கல்லணையில் பிரித்து விடுவது. டெல்டாவில் கனமழை என்றால் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு மூன்றையும் குறைத்தோ மூடியோ விட்டுக் கொள்ளிடத்தில் திருப்புவார்கள். “கல்லணையில்தான் மூடியாச்சே” என்று நிம்மதியாகிறவர்கள் உண்டு. மூடிய பிறகும் ஆறு ஏறுகிறது என்றால், ஏறுவது முழுக்க நம் மழை. அதை நிறுத்த எந்த ஷட்டரும் கிடையாது.

கணக்கு இதுதான். பத்தாயிரம் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 14 கோடியே 30 லட்சம் கன அடி தண்ணீர். அது ஒரே நாளில் வடிய வேண்டுமானால் வடிகாலில் வினாடிக்கு 1,650 கன அடி ஓட வேண்டும். மூன்று நாளில் வடியலாம் என்றாலும் 550 வேண்டும். நிஷா புயல் 2008 நவம்பர் 27-ல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பெய்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் 44 செ.மீ. ஒரு ஏக்கரில் மட்டும் அது 17.8 லட்சம் லிட்டர். காவிரியே கல்லணையில் அகலமாகத் தொடங்கி, கிளை கிளையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, பூம்புகாரில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிற ஆறு. பாசனத்துக்குக் கொடுப்பதற்காக அமைந்த ஆறுகளில் வடிகால் வேலையையும் ஏற்றும்போதுதான் தலைவலி தொடங்குகிறது.

உள்ளூரில் ஆற்றை அளக்கப் படித்துறையை விட நல்ல அளவுகோல் கிடையாது. பங்குனி, சித்திரையில் ஆறு காய்ந்து கிடக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். மேல்படியில் இருந்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் டேப்பால் அளந்து, பக்கச் சுவரில் அரை அடிக்கு ஒரு கோடு எனாமல் பெயிண்டில் போடலாம். படிகள் ஒரே உயரமாக இருக்கும் என்று நம்பி எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும். பழைய படித்துறைகளில் ஒரு படி ஆறு அங்குலம், அடுத்தது ஒன்பது அங்குலம் என்று இருக்கும். அடுத்து, ஊர்ப் பக்கக் கரையில் எங்கே ரொம்பத் தாழ்வு என்று கண்டுபிடிக்க வேண்டும். மாடு இறங்கி ஏறும் இடம், மணல் வண்டி போன தடம், பாலத்தை ஒட்டிய சரிவு, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி, அந்தத் தாழ்வான இடம் படித்துறைக் கோட்டில் எந்த அளவுக்கு நேராக வருகிறது என்று எடுத்து, அங்கே சிவப்புக் கோடு போட்டுவிட வேண்டும். தூரமாக இருந்தால் இரண்டு மூன்று தடவையாக மட்டத்தைக் கடத்திக்கொண்டு போகலாம். டியூபுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே உயரம் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.

மழையையும் அளக்க வேண்டும். வாளி ஆகாது, மேலே அகன்று கீழே குறுகுவதால் அளவு கூடிக் காட்டும். பக்கம் நேராக நிற்கிற, தட்டையான அடியுள்ள எந்தப் பாத்திரமும் போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்தால் அத்தனை மில்லிமீட்டர் மழை. வானிலைத் துறை காலை 8.30-க்குக் கணக்கை முடிக்கிறது. நாமும் அதே நேரத்தில் அளந்தால் பக்கத்து ஊர்களோடு ஒப்பிடலாம்.

ஆறு ஏற ஆரம்பித்ததும் மட்டம் எவ்வளவு என்பதை விட மணிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கேள்வி. ஒரு நோட்டில் நேரமும் மட்டமும் எழுதிக்கொண்டே வர வேண்டும். பகலில் மணிக்கு ஒரு தடவை, சிவப்புக் கோட்டுக்கு இரண்டு அடி கீழே வந்துவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை. இரண்டு அடி மிச்சம் இருந்து மணிக்கு ஒரு அங்குலம் ஏறினால் ஒரு நாள் அவகாசம். மூன்று அங்குலம் ஏறினால் எட்டு மணி நேரம்தான். மாலை ஆறு மணிக்கு இந்த நிலை என்றால் விடியுமுன் தண்ணீர் கரைமேல் நிற்கும், அதனால் ஆட்களை இருட்டுவதற்குள் திரட்ட வேண்டும். மழை விட்டதும் ஆறு இறங்கிவிடும் என்று நினைத்துத் தூங்கப் போவதுதான் பெரிய தவறு. மழை விட்ட பிறகுதான் எல்லோரும் வரப்பை வெட்டி விடுவார்கள். வயல் தண்ணீர் வாய்க்காலுக்கும், வாய்க்கால் தண்ணீர் வடிகாலுக்கும், அது ஆற்றுக்கும் வந்து சேர நேரம் எடுக்கும். வெயில் அடிக்கும்போதே ஆறு அரை அடி ஏறும்.

எவ்வளவு ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் கரையோரம் நேரான இடத்தில் 100 அடி அளந்து இரண்டு முளை அடித்து, ஒரு தேங்காய் நெற்றை நடு ஓட்டத்தில் விழும்படி மேல் முளைக்குச் சற்று முன்பே எறிந்து, ஒரு முளையில் இருந்து மற்றதற்குப் போகும் நேரம் பார்க்கலாம். நெற்று பெரும்பகுதி முங்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. மூன்று தடவை செய்து சராசரி எடுக்க வேண்டும். 40 வினாடி ஆனால் மேல்மட்ட வேகம் வினாடிக்கு இரண்டரை அடி. அடியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். ஆறு 60 அடி அகலம், சராசரி ஆழம் 6 அடி என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 765 கன அடி. அளவு துல்லியமில்லை, ஆனால் காலையை விட மாலையில் கூடியதா குறைந்ததா என்பதற்கு இது போதும்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், ஆறு இரண்டு விதமாக ஏறும். ஓட்டம் கூடி ஏறுவது ஒன்று. ஓட்டம் குறைந்துகொண்டே மட்டம் ஏறுவது இன்னொன்று. பின்னது மோசம். கீழே எங்கேயோ தண்ணீர் எதிர்த்து நிற்கிறது என்று பொருள். இதை ரெகுலேட்டரில், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்த மதகில், நின்று கண்டுபிடிக்கலாம். மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என்று சுவரில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். ஷட்டர்களை முழுக்கத் தூக்கிய பிறகும் மேல்பக்கம் ஒரு அடி கூடுதலாக நின்றால், அடைத்திருப்பது பெரும்பாலும் வெங்காயத்தாமரை. அதோடு நெய்வேலி காட்டாமணக்கும் வாழைமரமும் பாய் போலப் பின்னிக்கொண்டு, தண்ணீர் போகும் மதகுக் கண்ணை மூடியிருக்கும். அதை மேல்பக்கம் தள்ளாமல், கொக்கி கட்டிய நீள மூங்கிலால் ஓரக் கண்ணில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக் கீழே விட வேண்டும். பாயின் மேல் ஆள் இறங்கவே கூடாது. திடீரென்று பிய்த்துக்கொண்டு போகும்போது ஆளையும் கண்ணுக்குள் இழுத்துவிடும். சிமென்ட் குழாய் போட்ட சின்னப் பாலங்களிலும் இதே சோதனைதான். பாலத்துக்கு இரண்டு பக்கமும் மட்டம் வித்தியாசப்பட்டால் குழாய் அடைத்திருக்கிறது.

மாறாக இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக, இரண்டுமே உயரமாக, தண்ணீர் தூங்குவது போல நின்றால் தடை கடல் பக்கம். கடைமடையில் இது அடிக்கடி நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையோரக் கடல் மட்டமே ஆண்டின் உச்சத்தை ஒட்டி இருக்கும். அதன்மேல் வாடைக்காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளும். ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் அளவு, இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தட்டையான நிலத்தில் இரண்டு அடி ஓதம் மைல் கணக்கில் வடிகாலை நிறுத்தப் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். ஓதம் ஏறுவது சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தடவை. நோட்டில் எழுதிய உச்ச மட்டம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் போலத் தள்ளித் தள்ளி வந்தால் சந்தேகமே வேண்டாம், அது கடல். அப்போது கடைமுக ரெகுலேட்டரில் ஓதம் ஏறும்போது ஷட்டரை இறக்கி, வற்றும்போது தூக்கி, ஒரு நாளில் கிடைக்கிற இரண்டு வாய்ப்பையும் விடாமல் வடிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வற்றினால் இரவு இரண்டு மணிக்குத்தான் தூக்க வேண்டும். உப்பனாறு கலக்கும் திருமுல்லைவாசலானாலும், கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேரும் முத்துப்பேட்டைக் காயலானாலும் முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டியிருந்தால் இந்த வாய்ப்பும் பாதியாகிவிடும். புரட்டாசிக்குள் முகத்துவாரத்தைத் தோண்டச் சொல்லி மனு கொடுப்பது, பிறகு நிவாரணத்துக்கு மனு கொடுப்பதை விட மேல்.

வயல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வரப்பை வெட்டுமுன் வடிகால் மட்டம் வயல் மட்டத்தை விடத் தாழ்வா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய வாய் வழியாக வடிகால் வயலுக்குள் வரும். சி.ஆர்.1009 சப்-1 நெல் ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கல் தாங்கும். மற்ற ரகங்களின் இளம்பயிருக்கு அத்தனை நாள் இல்லை.

இனி கரை. கரை மேலே வழிந்து மட்டும் உடைவதில்லை, உள்ளே அரித்தும் உடையும். எலி வளை, நண்டு வளை, வெட்டிய மரத்தின் அழுகிய வேர் வழியாகத் தண்ணீர் ஊடுருவி ஊர்ப் பக்க அடியில் கசியும். அதனால் கரைமேல் நடந்து ஆற்றைப் பார்த்தால் பாதி வேலைதான். ஊர்ப் பக்க அடிவாரத்தில் டார்ச்சோடு நடந்து பார்க்க வேண்டும், இருவராகப் போக வேண்டும். கசிவு தெளிவாக வந்தால் அடையாளக் குச்சி நட்டுவிட்டுக் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது, உடனே கை வைக்க வேண்டும்.

இங்கேதான் தப்பு நடக்கிறது. ஊற்றுக் கண்ணின் மேலேயே மூட்டையைப் போட்டு மிதிப்பார்கள். அங்கே அடைத்த தண்ணீர் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கண்ணைச் சுற்றி இரண்டு மூன்று அடி தள்ளி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை உயர விட வேண்டும். உயரும் தண்ணீரின் பாரமே ஊற்றை அழுத்தும். கலங்கல் நின்று தெளிந்ததும் அடுக்குவதை நிறுத்தி, தெளிந்த தண்ணீர் வழிய ஒரு வாய் விடலாம். அதே நேரம் ஆற்றுப் பக்கம் வளையின் வாயைத் தேடி, அங்கே தார்ப்பாயை விரித்துக் களிமண் மூட்டையால் அழுத்த வேண்டும். அடைப்பு ஆற்றுப் பக்கம், வட்டம் ஊர்ப் பக்கம்.

மூட்டையை முக்கால் நிரப்பி இறுகக் கட்டினால் உருண்டையாகி இடைவெளி விடும். உரச் சாக்கில் பாதிக்குச் சற்று மேலே நிரப்பி, வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் கட்டுமானம் போல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். ஒரு அடி உயர்த்த அடியில் மூன்று அடி அகலம் வேண்டும். மூட்டைக்கு மண் எடுக்கிறேன் என்று அதே கரையின் அடிவாரத்தில் வெட்டுகிறவர்களைத் தடுக்க வேண்டும். உடைப்பே விழுந்துவிட்டால் முதலில் நடுவை அடைக்கப் போகாமல், இரண்டு முனையிலும் சவுக்குக் கழியை நெருக்கி அடித்து மூட்டை போட்டு வாய் அகலாமல் காக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்குச் சொல்லும்போது எந்த ஆறு, எந்தக் கரை, இடதா வலதா, எந்தப் பாலத்துக்கு எத்தனை தூரம் மேலே, வாய் எத்தனை அடி அகலம் என்று சொன்னால் லாரி சரியான கரைக்கு வரும். இடது வலது என்பது ஓட்டம் போகும் திசையைப் பார்த்து நின்று சொல்வது.

மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் ஐப்பசி கடைசி நாள் கடைமுக முழுக்கும் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கும் இந்த நாள்களில்தான். பாசி பிடித்த படி, கலங்கல் தண்ணீர், அடுத்த படி எங்கே என்று தெரியாது. மட்டம் ஏறும் நாளில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் செம்பில் மொண்டு ஊற்றுவதே முழுக்கு.

வெள்ளம் இறங்கும்போதும் கரையில் வேலை உண்டு. பல நாள் ஊறிய கரைக்கு ஆற்றுத் தண்ணீர்தான் முட்டுக்கொடுத்து நின்றது. அது ஒரே நாளில் மூன்று நான்கு அடி இறங்கினால் ஈரக் கரை ஆற்றுக்குள் சரியும். கரைமேல் நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் அந்த இடத்தில் டிராக்டர், மாடு எதுவும் போகாமல் கயிறு கட்ட வேண்டும். அன்றைக்கே பாலத் தூணிலும் வீட்டுச் சுவரிலும் வண்டல் விட்ட மேல்கோட்டைப் பெயிண்டால் குறித்துத் தேதி எழுதிவிட வேண்டும். அடுத்த மழையில் அந்தக் கோடு கழுவிப் போய்விடும்.