98 நாளுக்கு அப்புறம் பிள்ளையை யார் பார்ப்பது?

மலேசியாவில் வேலைச் சட்டத்தைத் திருத்தியதால் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதற்காகப் போராடியவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் சுங்கை சிப்புட்டில் ஷிப்டு வேலைக்குப் போகும் எங்களுக்கு 99-ஆம் நாள் காலையில்தான் பாடே தொடங்குகிறது. கம்பெனி பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். பக்கத்துத் தாஸ்கா (குழந்தைக் காப்பகம்) ஏழரைக்குத்தான் கதவைத் திறக்கும்.

என் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில் ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போகும்போதே பிள்ளையை விட்டுவிடலாம். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒரே ஒரு ஆயா. வசதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெட்டுக்குப் போகும் நேரத்தில் கொட்டகை திறந்திருந்தது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம், ஆயாக்கொட்டகை மட்டும் எங்களோடு வரவில்லை.

இப்போது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்கா வீட்டில் விடுகிறோம். தங்கமான மனுஷி. ஆனால் வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள், நான்கு வயதுக்குட்பட்டவர்கள் நாலு பேர் சேர்ந்தாலே 1984-ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவில்லாத இடத்துக்குக் கட்டும் காசுக்கு 3,000 ரிங்கிட் வரிக்கழிவும் கிடையாது. சரி, வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் எங்கள் லைனில் எத்தனை பேருக்கு? கழிவாகக் கொடுக்காமல் தாஸ்கா கட்டணத்திலேயே கொடுத்தால்தான் எங்கள் கைக்கு வரும்.

அதே 2023 திருத்தத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நான் மனு கொடுத்தபோது, "இதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்கும்மா" என்று சூப்பர்வைசர் திருப்பிக் கொடுத்தார். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நேரே எச்.ஆரில் கொடுத்தேன். காலை எட்டு மணி ஷிப்டு கிடைத்தது, ஆறு மாதத்துக்கு.

அப்பாக்களுக்கும் ஏழு நாள் சம்பள விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பே, இல்லாவிட்டால் பிள்ளை பிறந்ததும் கூடிய சீக்கிரம் சொல்லிவிட வேண்டும்.

மனு கொடுக்கும்போது நகலில் தேதி போட்டுச் சாப்பு (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். மலாயில் எழுதச் சிரமமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, சேர்ந்து எழுதுவோம்.