எந்தப் பைத்தான்? செய்முறைத் தேர்வின் முதல் பகுதியை எழுதப் போகிறவர்களுக்கு

மாலை நேரப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டன. பைத்தான் மொழியில் நிரல் எழுதும் இரண்டாம் பகுதியில் எனக்குக் கிடைத்தவை சுமாரான மதிப்பெண்கள்தாம். என்னைக் கரையேற்றியது, கொடுக்கப்பட்ட தொகுப்புகளை (நம் நிரலில் எடுத்துப் பயன்படுத்த மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த நிரல்களை) இணைய இணைப்பின்றி நிறுவி மாதிரி நிரலை ஓட்டிக் காட்ட வேண்டிய முதல் பகுதி. என்னைவிடப் பன்மடங்கு நன்றாக நிரல் எழுதக்கூடிய சிலர் அந்த முதல் பகுதியிலேயே நேரத்தைத் தொலைத்துவிட்டு, இப்போது அரியர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பருவம் முழுவதும் லூப்பையும் லிஸ்டையும் நடத்திவிட்டு, மென்பொருள் நிறுவும்போது வரும் பிழைகளைப் பற்றி ஒரு வகுப்பில்கூட வாய் திறக்காமல், தேர்வில் மட்டும் அதற்கு மதிப்பெண் ஒதுக்குவது என்ன நியாயம் என்ற கசப்பு, தேர்ச்சி பெற்ற பிறகும் எனக்குத் தீரவில்லை. பாடத்திட்டம் மாறும் என்று காத்திருப்பதைவிட, அடுத்த பருவத்தில் எழுதுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதி வைப்பது மேல்.

நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியே வரும். இந்த நொடியில் ஓடுவது எந்தப் பைத்தான்?

ஆய்வகக் கணினிகள் புதியவை அல்ல. முந்தைய மாணவர்கள் நிறுவியது, ஆய்வக உதவியாளர் நிறுவியது, அனகோண்டா என்ற மென்பொருளுடன் சேர்ந்து வந்தது என்று ஒரே கணினியில் மூன்று நான்கு பைத்தான்கள் குடியிருக்கும். கட்டளைச் சாளரத்தில் 'பைத்தான்' என்று தட்டியதும் எது ஓட வேண்டும் என்பதைப் 'பாத்' என்ற மாறி தீர்மானிக்கிறது. அதில் எழுதப்பட்டுள்ள கோப்புறைகளை விண்டோஸ் வரிசையாகத் தேடிக்கொண்டு போய், முதலில் எதில் கிடைக்கிறதோ அதை ஓட்டிவிடும். கணினி முழுமைக்குமான பாத் முன்னாலும் பயனருக்குரிய பாத் பின்னாலும் சேர்க்கப்படுவதால், எப்போதோ எவரோ எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவிவிட்டுப் போன பழைய பைத்தான், நீங்கள் சற்று முன் நிறுவிய புதியதை முந்திக்கொள்ளும். நிறுவல் வெற்றி என்று திரை சொன்ன பிறகும் நிரல் ஓட மறுப்பதற்கு நான் கண்ட காரணங்களில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும்: நிறுவியது ஓரிடத்தில், ஓடுவது வேறிடத்தில்.

ஆகவே தேர்வு தொடங்கியதும், கொடுக்கப்பட்ட கோப்புறையைத் திறப்பதற்கு முன்பே, 'வேர் பைத்தான்' (where python) என்று தட்டிப் பாருங்கள். பாத்தில் உள்ள எல்லாப் பைத்தான்களின் முழு முகவரியும் வரிசையாக வரும். முதலாவதாக வருவதே ஓடப்போவது. விண்டோஸின் மற்றொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் இதே கட்டளை எதையும் காட்டாமல் மௌனமாக இருந்துவிடும், ஏனெனில் அங்கே 'வேர்' என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர், 'வேர்.எக்ஸி' என்று முழுப்பெயரைத் தட்ட வேண்டும். அடுத்து, 'பை -0பி' (py -0p) என்று தட்டினால், பாத்தில் சேர்க்கப்படாதவை உட்பட, பதிப்பைத் தேர்ந்து ஓட்டும் கருவியான பைத்தான் லாஞ்சருக்குத் தெரிந்த எல்லாப் பதிப்புகளும் முகவரியோடு பட்டியலாக வரும். இந்த இரண்டு பட்டியல்களையும் விடைத்தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதற்பட்டியலில் 'விண்டோஸ்ஆப்ஸ்' என்ற கோப்புறை தென்பட்டால், யாரும் மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து பைத்தானை நிறுவியிராதவரை, அங்கே இருப்பது பைத்தானே அல்ல என்று வைத்துக்கொள்ளலாம். 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, பைத்தான் நிறுவப்படாத கணினியில் அந்தப் பெயரைத் தட்டினால் மைக்ரோசாப்ட் ஸ்டோருக்கு அழைத்துச் செல்லும் ஒரு போலிக் கோப்பு வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாசஸ்' என்ற பக்கத்திற்குச் சென்று அதை அணைத்துவிடலாம். உண்மையான பைத்தானை வீட்டில் நிறுவும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: நிறுவியின் முதல் பக்கத்தில், அடிப்பகுதியில், பாத்தில் சேர்ப்பதற்கான சிறு கட்டம் இருக்கிறது. அது தானாகத் தேர்வாகியிருக்காது. எல்லோரும் மேலே உள்ள பெரிய பொத்தானை அழுத்திவிட்டு அதைத் தாண்டிப் போகிறார்கள்.

இப்போது, தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப். தேர்வு அறையில் 'பிப் இன்ஸ்டால்' என்று நேரடியாகத் தட்டாதீர்கள். பிப் என்பது தனித்து இயங்கும் பொதுக் கருவி அல்ல. ஒவ்வொரு பைத்தானுக்கும் அதற்குரிய பிப் உண்டு, அது தன்னுடைய பைத்தானின் கோப்புறைக்குள் மட்டுமே தொகுப்புகளைப் போடும். பாத்தில் முதலில் அகப்படும் பிப் ஒரு பைத்தானுக்கும், நீங்கள் நிரலை ஓட்டும் பைத்தான் இன்னொன்றுக்கும் உரியதாக இருந்தால், நிறுவல் வெற்றி என்று வந்த அடுத்த நிமிடமே 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்ற பிழை வரும். 'பை -3.11 -எம் பிப் இன்ஸ்டால்' என்று தட்டினால், எந்தப் பைத்தானுக்குள் போடுகிறோம் என்பதை நாமே சொல்லிவிடுகிறோம். நிரலையும் 'பை -3.11' என்று தொடங்கியே ஓட்டுங்கள். இக்கட்டுரையின் மற்ற பத்திகளைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

3.11 என்று எதை வைத்துத் தேர்ந்தேன் என்றால், கோப்புப் பெயர்களை வைத்து. கொடுக்கப்படும் வீல் கோப்புகளின் (நிறுவுவதற்கு ஆயத்தமாகக் கட்டிய தொகுப்புக் கோப்புகளின்) பெயர், கல்யாணப் பத்திரிகையைப் போல, யார், எங்கே, எப்போது என்ற எல்லாவற்றையும் சொல்லிவிடும். முதலில் தொகுப்பின் பெயர், பிறகு அதன் பதிப்பு எண், பிறகு 'சிபி311' என்பது போன்ற குறி, இறுதியில் 'வின்_ஏ.எம்.டி.64' என்பது போன்ற குறி. சிபி311 என்றால் சிபைத்தான், அதாவது நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான், 3.11; அந்தக் கோப்பு 3.12இலும் ஏறாது, 3.10இலும் ஏறாது. ஏற்ற முயன்றால், இந்தத் தளத்திற்கு ஆதரிக்கப்படாத வீல் என்று ஒற்றை வரியில் மறுத்துவிடும். ஏ.எம்.டி.64 என்பதைப் பார்த்துவிட்டு, நம் கணினியில் இருப்பது இன்டெல் ஆயிற்றே என்று எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் கலங்கிப்போனார். அது 64 பிட் கட்டமைப்பின் பெயர். அதை முதலில் வடிவமைத்தது ஏ.எம்.டி. நிறுவனம் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, இன்டெல் கணினிக்கும் அதே கோப்புதான். 'நன்-எனி' என்று முடியும் கோப்புகள் முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டவை. அவற்றுக்கு எந்தக் கணினியும் சம்மதம்.

கோப்பின் பெயரில் 311ஐ 312 என்று மாற்றிவிட்டால் ஏறிவிடாதா என்று சிலருக்குத் தோன்றும். ஏறத்தான் செய்யும். ஆனால் நம்பை என்ற கணக்கீட்டுத் தொகுப்பை இம்போர்ட் செய்தவுடன் (நிரலுக்குள் அழைத்தவுடன்), அதன் சி நீட்சிகளை (சி மொழியில் எழுதிய பகுதிகளை) ஏற்ற முடியவில்லை என்று ஒரு பக்கத்திற்குப் பிழை கொட்டும். உள்ளே இருக்கும் கோப்புகள் இன்னமும் 3.11க்கே உரியவை. அந்த நிலையிலிருந்து மீள்வது, தொடக்கத்திலேயே சரியான பைத்தானைத் தேடுவதைக் காட்டிலும் கடினம்.

பதிப்பு சரியாக இருந்தும் மறுத்தால், பைத்தான் 32 பிட் வகையா என்று பாருங்கள். பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்தில் 3.8 வரை முகப்புப் பொத்தானை அழுத்தினால் விண்டோஸுக்கு 32 பிட் நிறுவியே இறங்கியது; 3.9 முதல்தான் 64 பிட் வருகிறது. பழைய ஆய்வகங்களில் அந்த 32 பிட் பைத்தான்கள் இன்னமும் உயிரோடு இருக்கின்றன. பைத்தானைத் திறந்தவுடன் முதல் வரியிலேயே எத்தனை பிட் என்பது எழுதியிருக்கும்.

இணையமின்றி நிறுவும்போது 'நோ-இன்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்தே தட்ட வேண்டும் என்பது வினாத்தாளிலேயே இருக்கும். அதில் இல்லாதது சார்புத் தொகுப்புகளின் விஷயம். தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் 2.2ஐ நிறுவினால் அது நம்பை, பைத்தான்-டேட்யூடில், பைடிசட், டிசட்டேட்டா ஆகியவற்றைக் கேட்கும். டேட்யூடில் தன் பங்குக்குச் 'சிக்ஸ்' என்ற சிறு தொகுப்பைக் கேட்கும். இவற்றில் ஒன்று கோப்புறையில் இல்லையென்றாலும், 'ஃப்ரம் வெர்ஷன்ஸ்: நன்' என்று முடியும் பிழை வரும். அந்தப் பிழைச்செய்தியில் இருக்கும் பெயரைப் படியுங்கள், நீங்கள் தட்டிய பெயரை அல்ல. நம்மில் பலர் பாண்டாஸ் ஏறவில்லை என்று பாண்டாஸையே திரும்பத் திரும்பத் தட்டுகிறோம். பிழையோ வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பிழைச்செய்தியை எங்கிருந்து படிப்பது என்பதும் ஒரு கலை. பைத்தான் நிரல் ஓடும்போது வரும் பிழையைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும், ஏனெனில் கடைசி அழைப்பு கீழே இருக்கிறது. பிப் ஒரு தொகுப்பை மூல நிரலிலிருந்து கட்டமைக்க முயன்று தோற்றால் கடைசி வரி எதற்கும் உதவாது. பிழை துணைச் செயல்பாட்டிலிருந்து வந்தது, பிப்பின் குற்றமாக இருக்க வாய்ப்பில்லை என்று கை கழுவும் வாசகம்தான் அங்கே இருக்கும். மேலே போய், முதன்முதலாக 'எரர்' என்ற சொல் வரும் வரியைத் தேடுங்கள். 'மைக்ரோசாப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் தேவை' என்பது அங்கே அடிக்கடி காணக்கிடைக்கும். வீட்டில் இது வந்தவுடன் பல ஜி.பி. அளவுள்ள பில்ட் டூல்ஸைப் பதிவிறக்க உட்காராதீர்கள். உங்கள் பைத்தான் பதிப்புக்கு அந்தத் தொகுப்பின் ஆயத்த வீல் இன்னும் வரவில்லை, ஆகவே பிப் மூல நிரலைத் தொகுக்க முற்படுகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஆண்டுதோறும் அக்டோபரில் பைத்தானின் புதிய பதிப்பு வருகிறது; தொகுப்புகள் அதைப் பின்தொடரச் சில மாதங்கள் ஆகும். அதற்கு முந்தைய பதிப்பை நிறுவிக்கொண்டால் தலைவலி இல்லை. புதியதைத்தான் வைத்திருப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இந்தத் தேர்வை எழுதிய பிறகு அதைச் செய்யலாம்.

விரிவாக எழுத அவசியமில்லாதவை:

– பாத்தை மாற்றிய பிறகு பழைய கட்டளைச் சாளரத்தை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கவும். நிரல் எழுதும் செயலியான வி.எஸ். கோடுக்குள் இருக்கும் முனையத்திற்கு (கட்டளைச் சாளரத்திற்கு) வி.எஸ். கோடையே மூடித் திறக்க வேண்டியிருக்கும்.

– இம்போர்ட் செய்யும் பெயரும் நிறுவும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை: சிவி2க்கு ஓப்பன்சிவி-பைத்தான், எஸ்கேலேர்னுக்கு சைக்கிட்-லேர்ன், பி.ஐ.எல்.லுக்குப் பில்லோ, பி.எஸ்.4க்கு பியூட்டிஃபுல்சூப்4.

– உங்கள் நிரலுக்குப் 'பாண்டாஸ்.பை' என்றோ 'ரேண்டம்.பை' என்றோ பெயர் வைக்காதீர்கள். பைத்தான் உண்மையான தொகுப்பை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இம்போர்ட் செய்யும்.

– வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (ஒரு வேலைக்கென்று தனியாக உருவாக்கும் பைத்தான் சூழலை) இயக்கும்போது பவர்ஷெல், இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டத் தடை என்று சொன்னால், சண்டைக்குப் போக வேண்டாம். பழைய கட்டளைச் சாளரத்திற்கு மாறி, 'ஆக்டிவேட்.பேட்' கோப்பை ஓட்டுங்கள்.

– வீட்டில் சான்றிதழ் சரிபார்ப்புப் பிழை வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள்.

– விண்டோஸ் 7இல் பைத்தான் 3.9உம் அதற்குப் பிந்தியவையும் ஏறாது.

– உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு 'எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று பிப் மறுத்தால், அது கோளாறு அல்ல, காவல். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

வி.எஸ். கோடில் நிரலைத் திறந்ததும் சாளரத்தின் அடியில் பைத்தான் பதிப்பு தெரியும். அதைச் சொடுக்கி மாற்றலாம். முனையத்தில் ஓடுவதும் பொத்தானை அழுத்தினால் ஓடுவதும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதால், ஐயம் எழும்போதெல்லாம் நிரலின் முதல் வரியாகச் 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' என்பதை அச்சிட்டுப் பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் தன் முகவரியைத் தானே சொல்லும். வேறு எந்தச் சாட்சியும் தேவையில்லை. உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜூபிடரிலும் இதே சோதனை பொருந்தும். அங்கே நிறுவும்போது பிப்புக்கு முன் சதவீதக் குறியை இட்டால், அப்போது ஓடும் கெர்னலுக்குள்ளேயே (நிரலை ஓட்டும் பைத்தானுக்குள்ளேயே) தொகுப்பு சேரும்.

நான் மெதுவானவன், எதையும் தாளில் எழுதாமல் எனக்கு யோசிக்க வராது. அதனால் என் அறிவுரைகளும் அந்தப் பக்கமாகவே சாயும். பிழை வந்தவுடன் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து நிறுவும் பழக்கத்தை நான் முற்றிலும் வெறுக்கிறேன். சில நேரங்களில் அது வேலை செய்கிறது என்பதே அதன் ஆபத்து, ஏனெனில் எது சரிசெய்தது என்று தெரியாமலே அடுத்த பிழைக்குப் போய்விடுகிறோம். பிழையைச் சொல் மாறாமல் எழுதி, ஒரே ஒரு மாற்றம் செய்து, மறுபடி ஓட்டி, என்ன மாறியது என்று எழுதுவேன். வேகமாகத் தட்டிப் பார்த்தே கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது சலிப்பூட்டும். அவர்களும் தேர்வு அறையில் மட்டும் இப்படிச் செய்து பார்க்கலாம். பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் வீட்டில் வந்த பிழைகளை எழுதிவைத்தேன். தேர்வில் வந்தவற்றுள் எனக்குப் புதியது எதுவும் இருக்கவில்லை.

பயிற்சிக்கு, வீட்டுக் கணினியில் வேண்டுமென்றே இரண்டு பைத்தான் பதிப்புகளை நிறுவுங்கள். ஒன்றில் மட்டும் பாண்டாஸைப் போடுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு, மற்றதில் நிரலை ஓட்டிப் பிழையை வரவழைத்துச் சரிசெய்யுங்கள். மாதிரி வினாத்தாள்களை மனப்பாடம் செய்வதைவிட இது பயன் தரும்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதல் பகுதியிலிருந்துதான் கேள்விகளைத் தொடங்குகிறார். பிப்பை ஏன் நேரடியாக அழைக்கவில்லை என்று கேட்டால், மேலே சொன்னதைச் சொல்லுங்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டைப் பென் டிரைவில் நகலெடுத்து வேறு கணினியில் ஓட்டலாமா என்பது அவர் விரும்பிக் கேட்கும் இரண்டாவது கேள்வி. கூடாது. அதற்குள் இருக்கும் 'பைவென்வ்.சி.எஃப்.ஜி.' என்ற கோப்பில் மூலப் பைத்தானின் முழு முகவரி எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரியில் அதே பைத்தான் இல்லாத கணினியில் அது ஓடாது. தொகுப்புகளின் பெயர்களையும் பதிப்பு எண்களையும் 'பிப் ஃப்ரீஸ்' மூலம் ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டு, புதிய கணினியில் புதிதாக உருவாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கேட்டால் அந்தக் கோப்பைத் திறந்தும் காட்டுங்கள்.